ஒரே தானியத்தை நம்பலாமா?

(திருவேங்கடத்தில் நடைபெற்ற விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நமது கரிசல் நிலத்தில் முன்பு கம்பும், சோளமும், பருத்தியும், உளுந்தும் கலந்து விளைந்தன. இன்றோ புரட்டாசிப் பட்டத்தில் பல புஞ்சைகளில் மக்காச்சோளம் ஒன்றே விதைக்கப்படுகிறது. அதை நாம் உண்பதில்லை; பெரும்பாலும் கோழித் தீவனத்திற்கு விற்கிறோம்.

தென் ஆப்பிரிக்கப் பகுதியிலுள்ள மலாவி, சாம்பியா நாடுகளில் மக்காச்சோளமே மக்களின் அன்றாட உணவு. அதன் மாவைக் களியாகக் கிண்டி உண்கின்றனர். மலாவி அரசு 2005-ஆம் ஆண்டின் பஞ்சத்திற்குப் பின் உரமும் விதையும் மானிய விலையில் வழங்கியது, விளைச்சல் பெருகியது. ஆனால் உரம் மழையைக் கொண்டுவராதல்லவா? 2024-இல் கடும் வறட்சி வந்தபோது சாம்பியா, மலாவி, சிம்பாப்வே மூன்றும் பேரிடர் நிலையை அறிவிக்க நேர்ந்தது. ஒரே தானியத்தை நம்பிய வீட்டில், அது பொய்த்தால் அடுப்பும் அணைந்துவிடுகிறது.

இது தூரத்துக் கதையன்று. 2016-இல் ஆப்பிரிக்காவில் புகுந்த படைப்புழு, 2018-இல் நம் நாட்டிற்கும் வந்தது. அவ்வாண்டு தமிழ்நாட்டு மக்காச்சோள விவசாயிகள் பட்ட இன்னலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குருத்தைக் குடைந்த பயிரைப் பார்த்து நின்ற ஒரு குடியானவர், "உரக்கடைக் கடனை எப்படி அடைப்பேன்?" என்று என்னிடம் கேட்டார். அவருடைய நான்கு ஏக்கரும் மக்காச்சோளம். அடுத்த புஞ்சையில் ஒரு மூதாட்டி கம்பும் உளுந்தும் போட்டிருந்தார். அவருக்குப் பெரிய வருமானம் இல்லை. ஆனால் குலுக்கையில் தானியம் இருந்தது, கடனும் இல்லை.

நமக்கு நியாயவிலைக் கடை இருக்கிறது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அதனால் இங்கே பயிர் பொய்த்தாலும் பட்டினி இல்லை; இது சிறிய சாதனையன்று. எனினும் அரிசி வயிற்றை நிரப்புமேயன்றிக் கடனை அடைக்காது. வளரும் பிள்ளைக்கு வேண்டிய பருப்புச் சத்தையும் இரும்புச் சத்தையும் போதிய அளவில் தராது.

மக்காச்சோளத்தை விட்டுவிடுங்கள் என்று நான் கூறவில்லை. கையில் காசு தருவதும் அதுவே. கம்புக்கும் சோளத்திற்கும் அத்தகைய சந்தை இன்னும் அமையவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது எங்களைப் போன்றோரின் கடமை. உங்களை நான் வேண்டுவது இவையே: நான்கு ஏக்கர் உள்ளவர் ஓர் ஏக்கரையேனும் வீட்டு உணவிற்கான தானியத்திற்கும் பயறுக்கும் ஒதுக்குங்கள். கோடையில் ஆழ உழுங்கள். கூட்டுப்புழுக்கள் வெயிலில் மடியும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுங்கள். மக்காச்சோளத்தினூடே உளுந்தை ஊடுபயிராக்குங்கள். பயிர்க் காப்பீட்டில் கெடு முடியுமுன் பதிவு செய்யுங்கள். மானாவாரிக்கு ஏற்ற ரகங்களைப் பற்றிக் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தைக் கேளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் என்ன சமைப்பது என்று தீர்மானிக்கும் நீங்கள், காட்டில் என்ன விதைப்பது என்பதிலும் பேசவேண்டும். விதைப்புக்கு முன்னர் வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்து, விற்பதற்கு எவ்வளவு, உண்பதற்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். அந்தக் கணக்கே குடும்பத்தின் காவல்.