வாடகைக்கு விடுமுன்

ஆயுட்காலச் சேமிப்பைக் கொண்டு மாடியில் ஒரு போர்ஷனைக் கட்டி, அதன் வாடகையில் சம்சாரத்தை நடத்தலாம் என்று எண்ணும் மத்தியதர வர்க்கத்தார், வாசலில் ‘டு லெட்’ பலகையை மாட்டுமுன் சில விஷயங்களை அறிந்துகொள்வது நலம்.

1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அகற்றிவிட்டு, 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின்படி, வாய்வார்த்தை போதாது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்தல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. குழாயின் வாஷர் தேய்ந்து நீர் சொட்டினால் மாற்றுவது குடியிருப்பவர் கடமை. குழாய் வரிசையையே மாற்ற நேர்ந்தாலும், சுவருக்கு வெள்ளையடிக்க நேர்ந்தாலும், அது வீட்டுக்காரர் பொறுப்பு. பாக்கி நிற்கிறதே என்ற கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்டவிரோதம்.

சாவியை ஒப்படைக்கும் தினத்தில், மீட்டர் அளவு, மின்விசிறிகளின் எண்ணிக்கை, கதவு, கண்ணாடிகளின் நிலைமை ஆகியவற்றை ஒரு காகிதத்தில் குறித்து, இருவரும் கையொப்பமிட்டுக்கொண்டால், காலி செய்யும்போது எழும் விவாதங்களில் பாதி எழாமலே போகும்.

சொத்து வரி போக எஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தை, செலவழித்தாலும் இல்லாவிட்டாலும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதில் ஒரு பகுதியை மெய்யாகவே பழுதுபார்ப்புக்கென ஒதுக்குவது விவேகம். வருஷத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்றே கணக்கிடுங்கள். ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்று வாக்களிப்பவரைவிட, ஐந்தாம் தேதிக்குள் தவறாமல் தருபவரே உத்தமமான குடித்தனக்காரர்.