இல்லத்தில் சலவைக்கல்



சென்ற ஆண்டு என் மகன் தன் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்க முற்பட்டான். மேடைக்குக் கல் வாங்கச் சென்றபோது என்னையும் உடன் அழைத்துப் போனான். கடைக்காரர் வெண்ணிறக் கற்பலகைகள் இரண்டை எங்கள் முன் சாய்த்து வைத்தார். இரண்டும் பால்போல் வெளுத்திருந்தன. இரண்டிலும் சாம்பல் நிற வரிகள் மெல்ல ஓடின. “ஒன்று சலவைக்கல், மற்றொன்று ஆலையில் செய்த குவார்ட்ஸ். எது எதுவென்று சொல்லுங்கள், ஐயா” என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். அன்று என் விடை தவறிப்போயிற்று. அந்தத் தவறுதான் என்னைச் சலவைக்கல்லைப் பற்றிப் படிக்கவும் விசாரிக்கவும் செய்தது. அறிந்துகொண்டதில் சிலவற்றை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியனை இந்தப் பழக்கம் எளிதில் விடாது. சலவைக்கல்லை இன்று நாம் பளிங்கு என்றும் வழங்குகிறோம். பழந்தமிழிலோ பளிங்கு என்பது ஊடே பார்க்கத்தக்க படிகத்தைக் குறித்தது. உதயகுமரனுக்கு அஞ்சி மணிமேகலை புகுந்த பளிக்கறை அத்தகையது. உள்ளிருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் மட்டும் கேளாது. அந்தப் பெயர் சலவைக்கல்லுக்கும் வந்து சேர்ந்தது பொருத்தமே என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் ஒளியைச் சிறிது தூரம் தன்னுள்ளே புகவிடும் கல் அது.

சுண்ணாம்புக்கல் பூமியின் ஆழத்திலே வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு, உருகாமலேயே புதிய படிகங்களாக மாறி, ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தால் அது சலவைக்கல். அதன் வரிகளெல்லாம் பழைய சுண்ணாம்புக்கல்லில் கலந்திருந்த களிமண், இரும்பு, கரி முதலியவற்றின் சுவடுகள். மெருகிட்ட சலவைக்கல்லின்மீது விழும் ஒளி முழுவதும் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதில்லை. ஒரு பகுதி உள்ளே நுழைந்து, படிகங்களுக்கிடையே சிதறி, பிறகு வெளியே வருகிறது. மனிதரின் தோலிலும் ஒளி இவ்வாறே நடந்துகொள்கிறது; சிற்பிகள் இக்கல்லை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் மெல்லிய சலவைக்கல் துண்டு இருந்தால், இருட்டறையில் கைவிளக்கை அதன்மீது அழுத்திப் பிடித்துப் பாருங்கள். விளக்கின் வாயைச் சுற்றிக் கல்லுக்குள்ளேயே ஒளி பரவி நிற்கும். கருங்கல்லில் இதைக் காண முடியாது.

இன்னொரு காரணம் நம் பாதங்களுக்குத் தெரியும். மரத்தைவிடச் சலவைக்கல் வெப்பத்தைப் பன்மடங்கு விரைவாகக் கடத்துவதால், கோடைப் பிற்பகலில் அதன்மேல் கால் வைத்தவுடன் குளிர்ச்சி தோன்றுகிறது. வெயில் மிகுந்த நாடுகளின் செல்வர்கள் இதை நன்றாக அறிந்திருந்தனர். கல்கத்தாவில் 1835-இல் ராஜேந்திர மல்லிக் கட்டிய மாளிகைக்குச் சலவைக்கல் மாளிகை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஆயினும் இந்த ஆசையைக் கண்டித்தவர்களும் பண்டுதொட்டே உண்டு. ரோமாபுரியில் தன் வீட்டுச் சுவர்கள் முழுவதிலும் சலவைக்கல் பதித்த முதல் மனிதன் மமுர்ரா. ஜூலியஸ் சீசரிடம் பொறியாளர் தலைவனாக இருந்தவன். இச்செய்தியை எழுதிவைத்த பிளினிக்கு இந்த ஆடம்பரம் சற்றும் பிடிக்கவில்லை. இயற்கை எழுப்பிய மலைகளை மனிதன் தன் சுகத்துக்காக வெட்டிச் சுமக்கிறானே என்று அவர் வருந்தினார். கல்லை அறுக்கும் விதத்தையும் அவர் விளக்குகிறார். அறுப்பது இரும்பு வாள் போலத் தோன்றினாலும், உண்மையில் அறுப்பது வாளுக்கடியில் இடும் மணலே என்கிறார். இந்த மணலைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, தவித்தவர்களை மீட்கக் கப்பலில் சென்ற பிளினி அங்கேயே உயிர் துறந்தார். அந்த எரிமலை புதைத்த நகரங்களில் ஒன்று பாம்பேய். அங்குள்ள பழைய வீடுகள் சிலவற்றின் சுவர்களைப் பார்த்தால் பலநிறச் சலவைக்கற்களை அடுக்கியதுபோல் இருக்கும். அருகில் சென்றால் அத்தனையும் சுண்ணாம்புச் சாந்து; கல்லின் விளிம்புகளைச் சாந்தில் எழுப்பி, வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். இந்தப் பாணி கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மமுர்ராவோ அடுத்த நூற்றாண்டினன். மெய்க்கல் ரோமாபுரி வீட்டுச் சுவரில் ஏறுவதற்கு முன்பே, அதன் போலி பாம்பேயில் ஏறிவிட்டது! ஆசை பெரிது, கைப்பொருள் சிறிது என்ற நிலையில் மனிதன் செய்வது எங்கும் ஒன்றுதான்.

நம் செட்டிநாட்டு வீடுகளில் இத்தாலியச் சலவைக்கல் தரைகளும் உண்டு. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசி, நாள் கணக்கில் தேய்த்து மெருகேற்றிய சுவர்களும் உண்டு. சிறு வயதில் ஒரு திருமணத்துக்குச் சென்றபோது அத்தகைய சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். அதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று இறுகும்போது மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. சலவைக்கல்லும் அதுவே. ஆகவே அந்தச் சுவர் சலவைக்கல்லுக்கு உறவுமுறை.

கடையில் நான் ஏமாந்த பலகை அந்த உறவைச் சேர்ந்தது அன்று. குவார்ட்ஸ் கல்லை, அதாவது மணலின் பொருளாகிய சிலிக்காவை, நொறுக்கித் தூளாக்கி, பிசினும் வண்ணமும் கலந்து ஆலையில் இறுக்கிச் செய்வது அது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேலும் சிலிக்கா உள்ள பலகைகள் உண்டு. கறை படியாது, எளிதில் கீறாது, வரிகளையும் விரும்பியபடி இட்டுக்கொள்ளலாம். வாங்குபவருக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. அதை அறுப்பவனுக்குத்தான் தீங்கு. உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலின் அடிவரை சென்று தங்கி, அதைத் தழும்பாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய்க்கு இன்றுவரை முழுமையான மருந்து இல்லை. இஸ்ரேல், ஸ்பெயின், ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இளம் தொழிலாளர் பலர் இதற்கு இரையாயினர். 2024 ஜூலை முதல் நாள் தொட்டு ஆஸ்திரேலியா இத்தகைய பலகைகளைச் செய்யவும் விற்கவும் பொருத்தவும் தடை விதித்துவிட்டது.

இவற்றையெல்லாம் நான் புத்தகத்திலிருந்து மட்டும் அறியவில்லை. கடைக்குச் சென்று வந்த சில நாட்களுக்குப் பின், என் பழைய மாணவர் ஒருவரைப் பேருந்து நிலையத்தில் கண்டேன். எட்டாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு வாங்கியவர். வெளியூரில் பத்தாண்டுகள் சமையல் மேடைகளுக்குப் பலகை அறுத்தாராம். வயது நாற்பதுகூட ஆகவில்லை. நிலையத்தின் நான்கு படிகளை ஏறிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருத்துவர் தூள்வேலை கூடாது என்று சொல்லிவிட்டாராம். நான் மேடைக் கதையைச் சொல்லி, அந்தக் குவார்ட்ஸ் பலகை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன் என்றேன். அவர் சிரித்தார். “நீங்க ஒருத்தர் வாங்காம இருந்தா என்ன ஆகும், சார்? எந்தக் கல்லா இருந்தாலும் தண்ணி விட்டு அறுக்கச் சொல்லுங்க. அவசரம்னு விரட்டாதீங்க. எங்களை விரட்டுனாங்க” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கருங்கல்லிலும் சிலிக்கா இருக்கிறது. சலவைக்கல்லில் அது மிகக் குறைவு என்றாலும், எந்தத் தூளும் நுரையீரலுக்கு நண்பன் அன்று. தாஜ்மகாலுக்குக் கல் தந்த மக்ரானாவில் மலையிருந்த இடங்கள் இன்று ஆழ்ந்த பள்ளங்களாகிவிட்டன. ஆகவே சலவைக்கல் வாங்கியவன் புண்ணியம் செய்துவிட்டதாக எண்ணவேண்டாம். ஆனாலும் நாங்கள் அதைத்தான் வாங்கினோம். பொருத்த வந்தவரிடம் முதல் நாளே பேசி, வாசலுக்குக் குழாய் இழுத்து, நீர் ஒழுக ஒழுக விளிம்பை அறுக்கச் சொன்னோம். ஒரு நாள் வேலை இரண்டு நாளாயிற்று. கூலியும் அதற்கேற்பக் கொடுத்தோம். தெருவெல்லாம் வெண்சேறு என்று பக்கத்து வீட்டார் முணுமுணுத்தார்கள்.

சலவைக்கல்லின் குறையையும் மறைக்கலாகாது. அது மென்மையான கல். இரும்புக் கத்தி அதைக் கீறிவிடும். எலுமிச்சையும் புளியும் அதன் பகைவர்கள். புளிப்பு பட்ட இடத்தில் கால்சியம் கார்பனேட் கரைந்து மெருகு போய்விடும். கடைக்காரரும் இதை எச்சரித்தார். மேடை பொருத்திய மூன்றாம் வாரம், என் மனைவி எலுமிச்சை பிழிந்துவிட்டு மூடியைக் கவிழ்த்து வைத்தாள். துடைத்தும் போகாத வட்டம் ஒன்று அங்கே விழுந்துவிட்டது. வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு. மருமகள் மட்டும், “இருக்கட்டும் அத்தை, நம்ம வீட்டு மேடைன்னு அடையாளம்” என்றாள்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்கு அண்மையில் அமிலமும் காரமும் பாடமாக வந்தன. தோழியர் இருவரை அழைத்துவந்து அந்த வட்டத்தில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது விரலாக என் விரலையும் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் வழவழப்பு, அந்த இடத்தில் மட்டும் சிறிது சொரசொரப்பு.