வண்டிக்கும் உறுதி வேண்டும்!

(கமக்காரர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அரைப் பரப்புக் காணி வாங்குவதாயினும் உறுதியைப் பாராது நாம் பணங் கொடுப்பதில்லை. நொத்தாரிசிடம் செல்கிறோம், காணிப் பதிவகத்தில் ஏடுகளைத் தேடுவிக்கிறோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் நம் மூதாதையரையே அவ்வாறு பழக்கிவிட்டது. ஆனால், அக்காணியை உழும் ரக்டரை, பல இலட்சம் ரூபா கொடுத்து, ஒரேயொரு கைச்சாத்தை நம்பி வாங்குகிறோம். இது நியாயமா?

"ஓப்பின் பேப்பர்" என்ற பெயரில் இவ்வழக்கம் வேரூன்றியுள்ளது. விற்பவர் வெற்றுப் படிவத்திற் கைச்சாத்திடுகிறார். வாங்குபவர் தமது பெயரை நிரப்பாமலே அதனைப் பெட்டியிற் பூட்டிவைத்துப் பின்னர் வேறொருவருக்கு விற்கிறார். நான்கு கை மாறிய பின்னரும் பதிவேட்டில் முதலாமவரின் பெயரே நிலைக்கிறது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இதனை அனுமதிக்கவில்லை. வாகனம் கைமாறியதை விற்றவரும் அறிவித்தல் வேண்டும். வாங்கியவரும் 14 நாட்களுக்குள் தமது பெயரிற் பதிவுசெய்ய விண்ணப்பித்தல் வேண்டும். பதிவுச் சான்றிதழ் மாத்திரமே உரித்தின் முடிந்த முடிபு அன்று என்பது உண்மையே. எனினும் பொலிசாரும் நீதிமன்றமும் முதலிற் பார்ப்பது அதிலுள்ள பெயரையே. அதற்கு மாறாக வாதிடுபவரே சான்று காட்டித் தமது உரித்தை நிலைநாட்டல் வேண்டும்.

வரும் இடர்கள் யாவை?

விற்றவரைப் பாருங்கள். அவர் என்றோ விற்ற ரக்டர் களவாக வெட்டிய மரத்துடன் பிடிபடுகிறது. விசாரணைக்கு அழைக்கப்படுபவர் அவரே. வாங்கியவரின் நிலையும் மேலானதன்று. காட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வாகனம் பறிமுதலாகாது காக்க வேண்டுமாயின், குற்றத்தைத் தடுக்கத் தாம் எடுத்த முயற்சிகளை உரிமையாளர் எண்பித்தல் வேண்டும். பெயரே பதியாதவர் தாம் உரிமையாளர் என்பதையே முதலில் எண்பிக்க வேண்டியவராகிறார். பதிவுபெற்றவர் இறந்துவிட்டாலோ, அவர் என்றோ இட்ட வெறுங் கைச்சாத்து உதவாது. வாரிசுகளின் வாயில்களில் நிற்க வேண்டியதுதான்.

ஆதலால், பணங் கொடுக்குமுன் என்ஜின் இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். அதில் "அறுதி உரிமையாளர்" என லீசிங் கம்பனியின் பெயர் உண்டா எனப் பாருங்கள். இருப்பின், கடன் தீர்ந்து கம்பனி தன் உரிமையை விடுவித்த கடிதமின்றி ஒரு சதமும் கொடாதீர்கள். விலையும் திகதியும் எழுதிய பற்றுச்சீட்டில் இருவரும் கைச்சாத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். விற்றவரும் மற்றவரை நம்பியிராது தாமே திணைக்களத்துக்கு அறிவிக்கட்டும்.

படிவம் தெரியாத மொழியில் இருந்ததென்று கூறிப் பிறர் காட்டிய இடத்திற் கைச்சாத்திடுவோரும் நம்மிடையே உளர். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தாலும் 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்தாலும் தமிழுக்கு அரசியலமைப்பில் இடம் எழுதப்பட்டுள்ளது. தமிழிற் படிவம் கேட்பது சலுகை கேட்பதன்று, உரிமையைப் பயன்படுத்துவதாகும். கேளாத உரிமை துருப்பிடித்த கலப்பையை ஒக்கும்.

இறுதியாக ஒன்று. 2009இல் முள்ளிவாய்க்காலில் வாகனங்களைக் கைவிட்டு, உயிரை மாத்திரம் காத்துவந்த நம் மக்களை எண்ணிப் பாருங்கள். பெட்டியிலிருந்த பத்திரம் பெட்டியோடு போயிற்று. "இது என்னுடையது" என்று சொல்ல அவர்களுள் எவருக்கேனும் ஒரு பிடி எஞ்சியிருக்குமாயின், அது திணைக்களத்துப் பதிவேட்டில் இருந்த அவரது பெயரே. பெட்டியிற் கிடக்கும் கைச்சாத்து எரியும், கறையான் அரிக்கும். பதிவேட்டிற் பதிந்த பெயரோ நாம் இடம்பெயர்ந்தாலும் நமக்காக அங்கே நிற்கும்.

இங்கே ஓப்பின் பேப்பர் வைத்திருப்போர் பலர் என்பதை அறிவேன். அடுத்த போகத்துக்கு உழவு தொடங்குமுன் உங்கள் வண்டிக்கு உங்கள் பெயரை எழுதுவியுங்கள்.