விலையில்லாத ஐந்தாவது குருவி
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29இல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னையின் திருத்தலத்தில் கொடி ஏறுகிறது. மயிலாப்பூரிலிருந்தும் தி. நகரிலிருந்தும் நாம் குடும்பம் குடும்பமாக நடந்து போகிறோம். மாதாவை வணங்கிவிட்டுக் கடற்கரையில் சிறிது நேரம் நின்று, அலையில் காலை நனைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அதே மணலில் 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் காலில் கறுப்பாய் ஏதோ ஒட்டியது உங்களுக்கு நினைவிருக்கலாம். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தோம். துடைத்ததோடு மறந்தும் போனோம்.

அந்த ஆண்டு ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிதாக ஒன்றும் கொட்டவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் கப்பலின் எரிபொருள் எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் களியாகத் திரண்டது. காற்றும் நீரோட்டமும் அதைத் தெற்கே தள்ள, மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று வந்து சேர்ந்தது. கடலோரக் காவல் படையினரும், மாணவர்களும், மீனவர்களும் வாளியால் அள்ளினார்கள். இத்தனை பெரிய துறைமுக நகரத்தில் கடைசியில் கைகொடுத்தது வீட்டு வாளிதான்.

இன்று நாம் பேச விரும்புவது அதற்குப் பின் வந்த நிகழ்ச்சியைப் பற்றி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குள் புகுந்தது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற மட்டத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. படகும் வலையும் பாழாயின. சில நாள் கழித்து, அந்தக் கழிமுகத்துக் கூழைக்கடாக்களின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. சாம்பலும் வெள்ளையுமாய் இருக்க வேண்டிய பறவைகள் மார்பும் சிறகும் பழுப்பேறி நின்றன.

எண்ணெய் பட்டால் பறவைக்கு என்ன ஆகிறது? இறகின் இழைகள் ஒன்றையொன்று கொக்கி போலப் பற்றிக்கொண்டு, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கின்றன. அடியில் காற்று தங்கி உடம்பைச் சூடாக வைக்கிறது. எண்ணெய் அந்தக் கொக்கிகளைக் குலைத்துவிடும். நீர் தோலைத் தொடும். பறவை குளிரில் நடுங்கும். மிதக்கும் திறனை இழக்கும். சுத்தமாக வேண்டும் என்று அலகால் இறகைக் கோதும். கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போய், குடலையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் செயலே அதற்கு நஞ்சாகிறது. அது பிழைத்துக் கூட்டுக்குப் போய் அடைகாத்தாலும், மார்பிலிருந்து முட்டை ஓட்டில் படும் சில துளிகள் போதும், உள்ளே இருக்கும் குஞ்சு சாவதற்கு.

பிடித்துக் கழுவலாமே என்பீர்கள். பறக்கத் தெம்புள்ள கூழைக்கடாவை யாராலும் எளிதில் பிடிக்க முடியாது. பிடிபடும் அளவுக்குத் தளரும்போது பல நேரம் காலம் கடந்துவிடுகிறது. ஆனாலும் முயன்றவர்கள் உண்டு. 2000ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அருகே 'ட்ரெஷர்' என்ற கப்பல் மூழ்கியபோது, எண்ணெயில் நனைந்த ஏறக்குறைய 19,000 பென்குவின்களை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். பெரும்பாலானவை பிழைத்துக் கடலுக்குத் திரும்பின.

கூழைக்கடா நம் திருச்சபைக்கு அந்நியப் பறவை அல்ல. பழைய ஆலயங்களில் பீடத்திலும் நற்கருணைப் பேழையின் கதவிலும், தன் மார்பை அலகால் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் ஒரு பறவையைச் செதுக்கியிருப்பார்கள். அது இந்த இனம்தான். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் நற்கருணைப் பாடலில் ஆண்டவர் இயேசுவையே கூழைக்கடா என்று அழைக்கிறார். அலகை மார்பில் அழுத்தி நிற்கும் பறவையைப் பார்த்து முன்னோர் புனைந்த கதை அது. உண்மையில் இரத்தம் ஊட்டுவதில்லை. ஆனால் பேழையின் கதவில் பார்த்து வணங்கிய பறவை, எண்ணூரில் மார்பெல்லாம் எண்ணெயோடு நின்றபோது நமக்கு அடையாளம் தெரியவில்லை.

"மீனவர்களே சோற்றுக்கு அல்லாடும்போது பறவைக்கு என்ன மறையுரை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எண்ணூர் மீனவரைக் கேட்டுப் பாருங்கள். பறவையும் அவரும் ஒரே தண்ணீரில் ஒரே மீனைத் தேடுகிறவர்கள். பறவையின் இறகில் ஒட்டியதுதான் அவர் வலையிலும் ஒட்டியது. வலைக்கும் படகுக்கும் விலை போட்டு இழப்பீடு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கூழைக்கடாவுக்கு என்ன விலை? மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் பார்த்தால் ஐந்தாவது குருவி கொசுறு. சந்தையில் விலையே இல்லாத அந்தக் குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். நம்மால் அழியும் உயிரினங்கள் தம் வாழ்வால் கடவுளை மகிமைப்படுத்த இயலாமல் போகிறதே என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் வருந்தியதும் இதைத்தான்.

இது வடசென்னைக் கதை என்று தென்சென்னையில் இருக்கும் நாம் ஒதுங்கிவிட முடியாது. தி. நகரின் மாம்பலம் கால்வாய் அடையாற்றில் விழுகிறது. மயிலாப்பூரின் ஊடே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. நம் இரு சக்கர வண்டிக்கு ஆயில் மாற்றும்போது, பழைய ஆயில் எங்கே போகிறது? மெக்கானிக்கிடம் நாம் கேட்டதே இல்லை. தெருவோரச் சாக்கடையில் ஊற்றினால் அது அடையாற்று முகத்துவாரம் வரை போகும், உடைந்த பாலத்தருகே மீனுக்கு நிற்கும் பறவைகள் வரை. திருப்பலித் தொடக்கத்தில், செய்த பாவத்தோடு கடமையில் தவறியதையும் சேர்த்துத்தானே அறிக்கையிடுகிறோம்? அடுத்த முறை வண்டியை விடும்போது, ஆயிலை டின்னில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுக்கச் சொல்வோம். கூடுதலாகப் பத்து ரூபாய் கேட்டால் கொடுப்போம்.

வரும் ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில் 'இயற்கைக்காக' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் என்று ஊர்ப் பெயர் சொல்லி மன்றாடுவோம். அந்தக் கழிமுகத்துக் கூழைக்கடாக்களையும் அதே மன்றாட்டில் சேர்த்துக்கொள்வோம்.