உயர்வுக்கும் உயர்வுக்கும் நடுவே: முதியோர் உதவித்தொகையும் விலைவாசியும்

யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அவரிடம் நான் படித்ததில்லை. அவருடைய மாணவர்களோடு வாதாடியே பாதிக் காலம் போயிற்று. அந்த வாதத்தின் மிச்சத்தைத் தீர்த்துக்கொள்ள மேடை கொடுத்திருக்கிறீர்கள். நன்றி, சால்வைக்கும் நன்றி.

கேள்வி உங்களுக்குத் தெரிந்ததுதான். மாதம் பிறந்தால் ஒரே தொகை என்று வாழ்கிறவர்களுக்கு அரசு அவ்வப்போது ஏற்றித் தருவது விலைவாசிக்கு ஈடுகொடுக்கிறதா? முன்வரிசையில் இருக்கும் நண்பர்கள் சிலர், 'கொடுக்கிறது, சற்றுத் தாமதமாக' என்று பல காலமாக எழுதி வருகிறார்கள். 1962-ல் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2023 ஆகஸ்டிலிருந்து 1200. அறுபது மடங்காகிவிட்டதே, இன்னும் என்ன என்பது அவர்கள் கட்சி.

அந்தக் கணக்கே நிற்காது. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் 1960, 1982, 2001, 2016 ஆகிய அடிப்படை ஆண்டுகளைக் கோக்கும் இணைப்புக் காரணிகள் 4.93, 4.63, 2.88. 2023 ஜூலையின் குறியீடு 139.7. இதை அந்த மூன்றாலும் பெருக்கினால் ஒன்பதாயிரத்தைத் தாண்டுகிறது. 1962-ல் அது நூற்றுக்குச் சற்று மேலேதான் இருந்தது. விலை எண்பது மடங்குக்கு மேல் ஏறியிருக்க, தொகை ஏறியது அறுபது மடங்கு. ஆனால் இதோடு நான் உட்கார்ந்துவிட்டால் நண்பர்களின் ஆட்டத்தை நானும் ஆடியதாகிவிடும். முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நடுவில் இருக்கிற ஆண்டுகளைத் தாண்டிப் போகிறார்களே, என் சண்டை அதோடுதான். உயர்வு வந்த மாதத்தை ஆய்வுக்கு எடுக்கிறோம். வராத மாதங்களிலும் அந்தப் பணத்தை நம்பியிருக்கும் கிழவி சாப்பிட்டாக வேண்டும்.

ஆயிரம் ரூபாயின் கதை

2011 மே மாதம் முதலமைச்சராகப் பொறுப்பேற்றதும் ஜெயலலிதா கையெழுத்திட்ட கோப்புகளில் ஒன்று, 500 ரூபாயாக இருந்த உதவித்தொகையை 1000 ஆக்கியது. ஒரே வீச்சில் இரட்டிப்பு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர்க் கீழத்தெருவில் ஓர் ஆச்சி. அவருக்கு அது 'ஓ.ஏ.பி. பணம்'. அப்போதெல்லாம் மணியார்டரில் வரும். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து கைநாட்டு வாங்கிக்கொண்டு எண்ணிக் கொடுப்பார், காப்பிக்கு என்று கொஞ்சம் அவர் கையிலேயே நின்றுவிடும். "ரெட்டிப்பா ஆக்கிட்டாவ யய்யா" என்று என்னிடம் சொன்னார் ஆச்சி. அரசு கொடுத்த இலவச அடுப்பு வீட்டில் இருந்தது. மானிய விலையில் ஒரு சிலிண்டர் அன்றைக்கு நானூறு ரூபாயை ஒட்டி. அது வாங்கிய மாதத்திலும் எண்ணெய், புளி, வெற்றிலைபாக்கு, சர்க்கரை மாத்திரை போக மீந்தது. திருவிழாவுக்கு வந்த பேத்தி கையில் நூறு ரூபாய் வைத்து அழுத்தியதை நானே பார்த்தேன்.

2023 நடுவில் சென்னையில் அதே சிலிண்டர் 1118 ரூபாய் 50 காசு. ஆச்சியின் பணம் அப்போதும் ஆயிரம். மணியார்டர் போய், வங்கி முகவர் கைக்கருவியோடு வரத் தொடங்கியிருந்தார். தேய்ந்துபோன விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பார் ஆச்சி. மூன்றாவது நாலாவது தடவைதான் ரேகை விழும். விழுந்தாலும் ஒரு மாதப் பணம் ஒரு சிலிண்டருக்குக் காணாது. அடுப்பின்மேல் பழைய செய்தித்தாளைப் போட்டு மூடிவிட்டு, பின்கட்டில் முள்விறகுக்குப் போய்விட்டார். ஆகஸ்டில் மாநில அரசு 200 ரூபாய் ஏற்றிக் கொடுத்தது. அதே மாதக் கடைசியில் ஒன்றிய அரசு சிலிண்டரில் 200 ரூபாய் இறக்கியது. மக்களவைத் தேர்தலுக்கு ஓராண்டுகூட இல்லை என்பதை நினைவூட்டிவிட்டு மேலே போகிறேன்.

ஒரு சிலிண்டரை வைத்துப் பேசுகிறேன் என்பீர்கள். குறியீட்டெண்ணுக்கே வருவோம். 2001 அடிப்படையில் 2011 நடுவில் அது 190-ஐ ஒட்டி இருந்தது; 2023 ஜூலையில் 402. பன்னிரண்டு ஆண்டில் இரு மடங்குக்கு மேல். உயர்வுக்கு முந்தைய மாதம் ஆச்சி வாங்கிய ஆயிரம், 2011 விலையில் ஏறத்தாழ 475 ரூபாய். அதாவது இரட்டிப்பு முழுவதையும் விலைவாசி தின்றுவிட்டு, அதற்கு முந்தைய ஐந்நூறையும் கடிக்கத் தொடங்கியிருந்தது. 1200 ஆன பிறகும் 570-தான். ஈடுகட்ட 2100 வேண்டியிருந்தது.

இன்னொன்று, இதைத்தான் நண்பர்கள் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. குறியீட்டோடு சேர்ந்து தொகை ஏறியிருந்தால் அந்தப் பன்னிரண்டு ஆண்டில் ஆச்சிக்கு வந்திருக்க வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு? என் கணக்கில் வித்தியாசம் எழுபதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. உயர்வு அறிவித்தபோது இதில் ஒரு காசு நிலுவையாக வரவில்லை. அந்த ஏட்டில் நிலுவை என்ற கட்டமே கிடையாது. என் போன்ற ஓய்வூதியருக்கு அகவிலைப்படி ஜனவரிக்கும் ஜூலைக்கும் கணக்கிடப்படுகிறது. அறிவிப்பு தாமதமானால் நிலுவையோடு வருகிறது. 2020 ஜனவரியிலிருந்து 2021 ஜூன் வரை ஒன்றிய அரசு மூன்று தவணைகளை நிறுத்தி வைத்தது. அந்தப் பதினெட்டு மாத நிலுவைக்காகச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் மனுக்கொடுத்தன. நியாயம்தான், நானும் கையெழுத்துப் போட்டேன். ஆச்சியின் 144 மாதத்துக்குச் சங்கம் இல்லை.

ஓர் ஆட்சேபத்தை ஒப்புக்கொள்கிறேன். பணத்தோடு மாதம் நான்கு கிலோ அரிசியும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை வேட்டியும் உண்டு. நான்கு கிலோ எந்த விலைக்கும் நான்கு கிலோதான். தானாக ஈடுகட்டும் முறை என்ன என்று நம் அரசுக்குத் தெரியாமலில்லை என்பதற்கு அந்த அரிசியே சாட்சி. அரிசியில் முடிந்தது ரூபாயில் ஏன் முடியாது என்றுதான் கேட்கிறேன்.

எந்தக் குறியீடு?

மற்றொரு சாரார், முதியோருக்கென்று தனிக் குறியீட்டெண் வரட்டும், பிறகு இணைக்கலாம் என்கிறார்கள். முதியவர் செலவில் மருந்தின் பங்கு வேறு என்பது மெய்யே. அமெரிக்காவிலும் இந்தப் பேச்சு உண்டு. அங்கே முதியோருக்கான சோதனைக் குறியீட்டெண் ஒன்றைப் பல பத்தாண்டுகளாகத் தொகுத்து வருகிறார்கள். எது சரி என்று இன்னும் தர்க்கம் ஓயவில்லை. ஆனால் 1975 முதல் அவர்களுடைய சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், கூலி உழைப்பாளர் குறியீட்டை ஒட்டித் தானாகவே திருத்தப்பட்டு வருகிறது. தர்க்கம் தீரட்டும் என்று கொடுப்பதை நிறுத்தி வைக்கவில்லை. குறையுள்ள குறியீடு, குறியீடே இல்லாமையைவிட மேல்.

நிதி எங்கே என்று கேட்பவர்களுக்கு: விலை ஏறினால் அதன்மேல் சதவீதமாக விழும் ஜி.எஸ்.டி. வசூலும் தானே ஏறுகிறது. ஆச்சி வாங்கும் சோப்புக்கட்டியிலும் அது இருக்கிறது.

பிற தொகைகள்

இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் எண்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு 2007-ல் 200 ரூபாய், 2023-லும் 200. இடையில் விலை மூன்று மடங்கு. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சம் 2014 செப்டம்பரில் 1000 ஆனது; பத்தாண்டு கழிந்தும் அதுவே. இவற்றை விரிவாகப் பேச நேரமில்லை. தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார்.

இனிச் செய்யக்கூடியவை

ஆய்வு மாணவர்களுக்குச் சில குறிப்புகள். 1962 முதல் வந்த அரசாணைகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வோர் உயர்வுக்கும் தேர்தலுக்கும் உள்ள தூரத்தை யாராவது அளக்கலாம். தொகையைக் குறியீட்டோடு இணைத்தால் அரசு பயனாளிகள் பட்டியலைச் சுருக்குமா என்ற அச்சம் எனக்கும் உண்டு. பிற மாநிலங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விதவையர், மாற்றுத்திறனாளிகள் தொகைக்கும் இதே கணக்கைப் போடலாம். ரேகை விழாமல் தள்ளிப்போகும் மாதங்களை வங்கி முகவர்களிடம் கேட்டுத் தொகுக்கலாம். நிலுவைக் கணக்கை மாவட்டவாரியாகப் போட விரும்புகிறவர்களுக்கு என் தாள்களைத் தருகிறேன். கையெழுத்துதான் கொஞ்சம் மோசம்.