குளிர்ந்த ஊரில் கொதிக்கும் கணினி

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பது. கம்பளியின்றி விடியற்காலையில் வெளியே வர ஒண்ணாத அவ்வூரிலே கணினி சூட்டினால் தளர்ந்து போகிறது என்றால் நம்புவோர் சிலரே. ஆயினும் மெய் அதுதான்.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. தேநீருக்கு வைத்த நீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதும் இதனாலேதான். ஆகவே, விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது அள்ளிச் செல்லும் காற்றின் எடை குறைவு. இக்குறையைக் குளிர் ஓரளவு ஈடுசெய்யும். தூசியை எதுவும் ஈடுசெய்யாது. தேயிலைத் தொழிற்சாலையை அடுத்த அலுவலகமாயின் சொல்லவே வேண்டுவதில்லை. உலர்ந்த தேயிலையிலிருந்து பறக்கும் பஞ்சு போன்ற தூள், பனியின் ஈரத்தோடு சேர்ந்து, விசிறியை ஒட்டிய உலோகத் தகடுகளிடையே கம்பளம் போலப் படிந்துவிடும்.

செயலி 100 பாகையை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சம்பளத்துக்கு முதல்நாள் செக்ரோல் கணக்கு நகராமல் நிற்கும். கிளாக்கர் வைரஸ் என்பார்; துரை புதியது வாங்கவேண்டும் என்பார். கடைக் கடனை அடைக்கக் காத்திருக்கும் தாய்மாருக்கோ இரண்டும் ஒன்றே.

நிற்க. சூடு மெய்யா, அன்றி வெப்பவுணரி கூறும் பொய்யா என்பதையே முதலில் அறிதல் வேண்டும். தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் வெப்பமானியை மட்டும் நம்பி நல்ல டீமேக்கர் இருந்துவிடுவதில்லை. தூளைக் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பார். கணினிக்கும் அதுவே வழி. இரவு முழுதும் அணைத்து வைத்து, காலையில் இயக்கி, பயோஸ் திரையில் வெப்பத்தைப் பார்க்கவேண்டும். 30 பாகையளவில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறினால் குற்றம் தூசியுடையது. உழைத்தாலும் ஓய்ந்தாலும் ஒரே எண் அசையாது நின்றால் உணரியே பழுது. எடுத்த எடுப்பில் 90 காட்டி, உலோகத் தகடு மட்டும் குளிர்ந்திருந்தால், பெரும்பாலும் இடையிலுள்ள பசை காய்ந்து தகடு விலகியிருக்கும். பழையதைத் துடைத்து மிளகளவு புதுப்பசை இட்டுப் பொருத்தவேண்டும். அதன்பின்னும் அதே எண் எனில் உணரியை ஐயுறலாம்.

தூசி அகற்றுவோர் மின்னிணைப்பைக் கழற்றி, பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுசென்று, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டே காற்றைச் செலுத்துதல் நன்று. ஈரத்துணி கூடவே கூடாது. தொழிற்சாலைப் பக்கத்துச் சன்னலருகே மேசை இருந்தால், அதை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுவதில் செலவு ஏதும் இல்லை.