அமெரிக்கா: வாசலில் நிறுத்தப்பட்ட விவசாயக் கூலி

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவைப் பற்றி வானொலியில் நிபுணர்கள் உரையாடுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அங்கே ஏற்றத்தாழ்வு ஏன் என்று கேட்டால் படிப்புப் போதவில்லை என்பார் ஒருவர். புது யந்திரம் வந்துவிட்டது என்பார் இன்னொருவர். மழை பொய்த்துப் பஞ்சம் வந்ததைப் போல, யார் கையும் படாமல் ஏழ்மை வந்து இறங்கியதாகவே பேசுவார்கள். படிப்பும் யந்திரமும் காரணமே அல்ல என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏழ்மையில் ஒரு பெரும் பங்கு, பேனாவைப் பிடித்துச் சட்டத்தில் எழுதி வைத்த ஏழ்மை.

1938 ஜூன் 24. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இரவு வானொலியில் பேசினார். மறுநாள் கூலிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மணிக்குக் குறைந்தது 25 சென்ட், வாரத்துக்கு 44 மணி நேரம், அதற்குமேல் வேலை வாங்கினால் ஒன்றரைப் பங்கு கூலி. கணக்குப் பாருங்கள்: வாரம் 11 டாலர். நாளொன்றுக்கு ஆயிரம் டாலர் வருமானம் உள்ள கனவான், 11 டாலர் கூலியால் தொழிலே நாசமாகும் என்று ஒப்பாரி வைத்தால் நம்பாதீர்கள் என்று ரூஸ்வெல்ட் அந்தப் பேச்சில் இடித்துரைத்தார். நல்ல பேச்சுத்தான். ஆனால் சட்டம் அவருடைய கருணையால் மட்டும் வந்துவிடவில்லை. 1934-ல் பஞ்சாலைத் தொழிலாளர் லட்சக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்தார்கள். 1936-37 குளிர்காலத்தில் ஃபிளின்ட் நகரத்து மோட்டார் தொழிலாளர் 44 நாட்கள் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடி, சங்கத்துக்கு அங்கீகாரம் வாங்கினார்கள்.

சரி, ஆலைத் தொழிலாளிக்கு 25 சென்ட். பருத்தி பறித்தவனுக்கு?

ஒன்றுமில்லை. அதே பஞ்சை நூற்றவன் சட்டத்துக்கு உள்ளே. அதைச் செடியிலிருந்து பறித்தவன் வெளியே! மூன்று வருஷத்துக்கு முன்பு, 1935-ல், சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமைச் சட்டம் வந்தபோதும் விவசாயத் தொழிலாளியையும் வீட்டு வேலைக்காரரையும் விலக்கினார்கள். அதே வருஷம் வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டத்திலும் அப்படியே.

காரணம் தெற்கு மாநிலங்களின் பண்ணை முதலாளிகள். அங்கே கறுப்பின மக்களின் வாக்குரிமையைத் தலைவரி, எழுத்தறிவுப் பரீட்சை என்று தந்திரம் செய்து பறித்திருந்தார்கள். தலைவரி கட்ட வழியில்லாத வெள்ளை ஏழைக்கும் ஓட்டுக் கிடையாது. எதிர்ப்பே இல்லாமல் திரும்பத் திரும்பத் தேர்வான தெற்கத்தி உறுப்பினர்கள், நீண்ட நாள் இருந்தவருக்கே தலைமை என்ற வழக்கத்தால், அமெரிக்கப் பாராளுமன்றத்தின் பெரிய கமிட்டிகளைக் கையில் வைத்திருந்தார்கள். அவர்கள் தயவில்லாமல் ரூஸ்வெல்ட் சட்டம் நிறைவேற்ற முடியாது. தெற்கில் கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பாலோர் வயலிலும் வீட்டு வேலையிலும் இருந்தவர்கள். நிறத்தைச் சொல்லாமலே வேலையின் பேரைச் சொல்லி விலக்கினார்கள். வெள்ளைக்கார வாரக் குடியானவனும் கூலியும் அதே வலையில் விழுந்தார்கள். வயலில் சிதறிக் கிடப்பவர்களிடம் ஓய்வூதியத்துக்குப் பணம் வசூலிப்பது சிரமம் என்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. சங்கம் வைக்கும் உரிமை கொடுக்க என்ன வசூல் வேண்டியிருக்கிறது?

குறைந்தபட்சக் கூலி பெரிய பண்ணைகளின் தொழிலாளருக்குக் கிடைக்க 1966-ல் சட்டம் திருத்தினார்கள். இடையில் 28 வருஷம்! வீட்டு வேலை செய்பவர்கள் 1974 வரை காத்திருந்தார்கள்.

இனி டெலானோ சங்கதிக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் திராட்சை விளையும் ஊர். 1965 செப்டம்பர் 8-ம் தேதி பிலிப்பைன்ஸ் தொழிலாளர், லாரி இட்லியாங் தலைமையில், தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். ஒரு வாரத்தில் சீசர் சாவேஸின் சங்கத்து மெக்சிக வம்சாவளித் தொழிலாளரும் சேர்ந்துகொண்டார்கள். முதலில் முதலாளிகள் கலங்கவில்லை. ஒரு ஜாதி வேலை நிறுத்தம் செய்தால் இன்னொரு ஜாதியைக் கொண்டுவந்து இறக்குவது அவர்கள் பழைய வித்தை. இம்முறை அது பலிக்கவில்லை. துறைமுகத் தொழிலாளர் அந்தத் திராட்சையைக் கப்பலில் ஏற்ற மறுத்தார்கள். மோட்டார் தொழிலாளர் சங்கம் மாதம் 5,000 டாலர் தருவதாக வாக்களித்தது.

பிறகு நாடெங்கும் திராட்சைப் பகிஷ்காரம். இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். தகராறு உள்ள முதலாளியின் சரக்கை விற்கும் கடைகளின் முன் மறியல் செய்து அவற்றைப் பகிஷ்கரிக்கச் சொல்வதை 1947-ல் சங்கங்களுக்குத் தடை செய்திருந்தார்கள். விவசாயத் தொழிலாளியைத்தான் தொழிலாளர் சட்டத்துக்கே வெளியே நிறுத்தியிருந்தார்களே! ஆகவே அந்தத் தடையும் அவனைக் கட்டவில்லை. எந்த வாசலில் அவனை நிறுத்தினார்களோ, அங்கிருந்தே அவன் அடித்தான்.

ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தார்கள். 1970 ஜூலையில் டெலானோ முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1975-ல் கலிபோர்னியா மாநிலம் விவசாயத் தொழிலாளரின் சங்க உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றியது.

1935-ம் வருஷத்துத் தேசியச் சட்டமோ இன்றும் வயலுக்குள் வரவில்லை. மிகைநேரக் கூலியும் தேசியச் சட்டப்படி விவசாயத் தொழிலாளிக்கு இல்லை. தேசியக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் மணிக்கு 7 டாலர் 25 சென்ட் ஆயிற்று. அதன்பின் விலைவாசி எத்தனையோ ஏறியும் கூலி ஒரு சென்ட்கூட நகரவில்லை. அடுத்த முறை வானொலியில் நிபுணர் படிப்பைப் பற்றி ஆரம்பித்தால், டெலானோவில் திராட்சை பறித்தவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் அந்தச் சட்டத்துக்குள் வந்திருப்பான் என்று யாராவது எழுதிக் கேளுங்கள்.